பேட்டா வரிசையும் பேட்டா மேசையும்

விடியற்காலை ஐந்து மணிக்குப் பூந்தமல்லியை அடுத்த குமணன்சாவடியில் நின்றால் இரண்டு வகை வண்டிகளைப் பார்க்கலாம். ஒன்று, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளுக்கு ஒப்பந்தத் தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்து. மற்றொன்று, செம்பரம்பாக்கம் பக்கம் படப்பிடிப்புக்கு ஆளேற்றும் யூனிட் வேன். இரண்டிலும் நம் காலனிப் பிள்ளைகள் ஏறுகிறார்கள். தொழிற்சாலை வண்டியில் போகிறவர்களின் கூலி, பி.எப்., காண்ட்ராக்ட் பற்றி நாம் நிறையவே பேசியிருக்கிறோம். யூனிட் வேனைப் பற்றிப் பேசியதில்லை. சினிமா என்றதும் திரையில் தெரிகிறவர்களைப் பற்றிப் பேசியே பழகிவிட்டோம்.

திருமழிசைப் பக்கத்துக் காலனி ஒன்றைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அந்த வேனில் ஆறு ஆண்டுகளாகப் போய் வருகிறார். பி.காம். படித்தவர். ஒரு தொலைக்காட்சித் தொடரில் 'புரொடக்‌ஷன்ல இருக்கான்' என்று அவருடைய அம்மா சொல்வார். டீ கொடுப்பது, சாப்பாட்டுத் தட்டு எடுப்பது, நாற்காலி போடுவது என்று தொடங்கிய வேலை. இரண்டாம் ஆண்டிலேயே மேனேஜர் வராத நாட்களில் வவுச்சர் எழுதியவர் இவர்தான். வாடகை வண்டிக் கணக்கு, மெஸ் கணக்கு, ஜெனரேட்டர் டீசல் கணக்கு எல்லாம் இவர் கையெழுத்தில் இருந்தன. மேனேஜர் வேறு தொடருக்குப் போனபோது அந்த நாற்காலி இவருக்குத்தான் என்று யூனிட்டே பேசியது. வந்து உட்கார்ந்தவர் மேனேஜரின் மைத்துனர். இவருக்குச் சொல்லப்பட்ட காரணம் ஒரே வரி: "ஷூட்டிங் வீட்டுக்காரங்ககிட்ட போய்ப் பேச உன்னால முடியாதுப்பா."

ஏன் முடியாது என்று அவர் கேட்கவில்லை. நமக்கும் விளக்கம் தேவையில்லை. தொடருக்கு வீடு வாடகைக்குப் பேசப் போகிறவரிடம் வீட்டுக்காரர் முதலில் கேட்பது வாடகையை, இரண்டாவதாக, "தம்பிக்கு எந்த ஊர், எந்தத் தெரு?" என்பதை.

இந்த வேலை என்ன என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 'மேனேஜர்' என்றால் மஞ்சள் பையில் பணம் வைத்துக்கொண்டு கத்துகிற ஆள் என்றே பலரும் நினைக்கிறார்கள். திரைக்கதை கைக்கு வந்ததும் அதைக் காட்சி காட்சியாகப் பிரித்து, எந்த இடம், எந்த நடிகர், பகலா இரவா, எத்தனை துணை நடிகர்கள், என்னென்ன வாகனங்கள் என்று பட்டியல் போட்டு, அதை நாட்களாக்கி, நாட்களைப் பணமாக்குகிறவர் அவர். காவல் துறை, மாநகராட்சி, ரயில்வே, அறநிலையத் துறை எனப் படிப்படியாக ஏறி அனுமதி வாங்க வேண்டும். சங்க விதிப்படி ஊதியமும் பேட்டாவும் பட்டுவாடா செய்ய வேண்டும். ஒரு மாடு காட்சியில் வந்தால்கூட விலங்குகள் நல வாரியத்தின் முன் அனுமதி வேண்டும். குழந்தை நடித்தால் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் நிறுத்தி வைக்கக் கூடாது. அதன் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தை வங்கியில் அதன் பெயரில் வைப்பாகப் போட வேண்டும். 2017இல் வந்த மத்திய விதிகள் இவை. இவற்றுடன் ஜி.எஸ்.டி., டி.டி.எஸ்., பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தின் உள்புகார்க் குழு. ஓ.டி.டி. நிறுவனங்களுக்காக எடுக்கப்படும் தொடர்களில் ஒவ்வொரு ரூபாய்க்கும் தணிக்கை உண்டு.

அதாவது, மிரட்டத் தெரிந்தால் போதும் என்றிருந்த வேலை, படிக்கத் தெரிந்தாக வேண்டிய வேலையாக மாறிக்கொண்டிருக்கிறது. பட்டாபிராம் இந்துக் கல்லூரியிலும் சுற்றியுள்ள கல்லூரிகளிலும் ஆண்டுதோறும் பி.காம். முடிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது நல்ல செய்தியாக இருந்திருக்க வேண்டும். அவர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு வேலை இருப்பதே தெரியும்? கேமரா படிக்க ஆசைப்படும் பையனைப் பார்த்திருக்கிறோம், எடிட்டிங் கற்கும் பெண்ணைப் பார்த்திருக்கிறோம். மேனேஜர் ஆக வேண்டும் என்று சொன்ன ஒருவரையும் நாங்கள் சந்தித்ததில்லை. சொல்லிக் கொடுக்கும் இடமும் இல்லை. தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். திரைப்படப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, படத்தொகுப்பு, ஒலிப்பதிவு, இயக்கம், அனிமேஷன் ஆகியவற்றுக்குப் பட்டப்படிப்புகள் உள்ளன. தயாரிப்பு நிர்வாகத்துக்கென்று ஒன்று இல்லை. கொல்கத்தாவில் உள்ள சத்யஜித் ராய் திரைப்பட நிறுவனத்தில் தயாரிப்புக்கென்றே தனி முதுநிலைப் படிப்பு இருக்கிறது. மத்திய அரசு நிறுவனம் என்பதால் இடஒதுக்கீடும் உண்டு. ஆனால் ஆவடியிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு பிள்ளையை அனுப்பி அங்கே தங்க வைத்துப் படிக்க வைக்க எந்தக் குடும்பத்தால் முடியும்?

படிப்பு இல்லாத வேலைக்கு வழி ஒன்றுதான்: தெரிந்தவர் மூலம் போவது. தெரிந்தவர் என்றால் நம் ஊரில் என்ன பொருள் என்பது தெரிந்ததே. மாமா, மச்சான், சொந்த ஊர், சொந்த சாதி. எந்தச் சட்டமும் தடுக்காமலேயே ஒரு தொழில் சில கைகளுக்குள் நிற்பது இப்படித்தான். சங்க அட்டை இருந்தால்தான் வேலை, வேலை செய்த அனுபவம் இருந்தால்தான் அட்டை, இரண்டுக்கும் நடுவில் கூலிக்காரனுக்கு எட்டாத சேர்க்கைக் கட்டணம். இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் போன்ற இடதுசாரிகள் முன்னின்று கட்டிய தொழிற்சங்க மரபு இது. திரைப்படத் தொழிலாளியைக் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்டது அந்த மரபுதான். சங்கமே வேண்டாம் என்று பேசும் முதலாளிகளோடு நமக்கு ஒட்டும் உறவும் இல்லை. ஆனால் இத்தனை ஆண்டுகளில் எந்தச் சங்கத்தில் எத்தனை தலித் உறுப்பினர்கள், அதில் எத்தனை பேர் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறார்கள் என்ற கணக்கைச் சம்மேளனம் தானாகவே முன்வந்து வெளியிட்டால் என்ன குறைந்துவிடும்?

இப்போது இதைப் பேச ஒரு காரணம் இருக்கிறது. 2024 பிப்ரவரியில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட நிதிநிலை அறிக்கையில், பூந்தமல்லி அருகே 150 ஏக்கரில் 500 கோடி ரூபாயில் நவீன திரைப்பட நகரம் அமைக்கப்படும் என்று அறிவித்தார்கள். படப்பிடிப்புத் தளங்கள், எல்.இ.டி. திரை, வி.எப்.எக்ஸ்., பிந்தைய தயாரிப்புப் பணிகள், ஐந்து நட்சத்திர விடுதி எல்லாம் உண்டு என்றார்கள். அரசும் தனியாரும் பங்கேற்கும் திட்டம். இடம் குத்தம்பாக்கம்.

குத்தம்பாக்கம் நமக்கு வெறும் இடமல்ல. வேதியியல் பொறியியல் படித்த, நம் சமூகத்தைச் சேர்ந்த ஆர்.இளங்கோ 1996இல் ஊராட்சித் தலைவராகி, தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரின் இருபுறமும் வாழும் 50 இரட்டை வீடுகளைக் கொண்ட சமத்துவபுரத்தை எழுப்பிக் காட்டிய ஊர். வெளிநாட்டிலிருந்தெல்லாம் பார்க்க வந்தார்கள். அதே ஊரின் மேய்ச்சல் நிலத்தைத்தான் பிறகு சென்னையின் குப்பையைக் கொட்டக் கேட்டார்கள். ஊர் எதிர்த்து நின்றது. அப்புறம் வெளியூர்ப் பேருந்து நிலையம் வந்தது. இப்போது திரைப்பட நகரம். நகரத்துக்குத் தேவைப்படும்போதெல்லாம் நினைவுக்கு வருகிற ஊர். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் பகுதி இது. அந்த மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891இல் கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் 1892இல் பஞ்சமி நிலங்கள் வழங்கப்பட்டன. ஆகவே இந்தப் பக்கத்தில் 150 ஏக்கர் பொது நிலம் கைமாறுகிறது என்றால் அதன் சர்வே எண்களையும் வகைப்பாட்டையும் வெளிப்படையாக வையுங்கள் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. அது தனியாகவே எழுத வேண்டிய விஷயம்.

நிலம் அரசுடையது, வேலை யாருடையது? இங்கே ஆவடியின் கதையை நினைவுபடுத்த வேண்டும். 1960களில் ஆவடியில் டாங்கித் தொழிற்சாலையும் படை உடைத் தொழிற்சாலையும் வந்தபோது அவை பொதுத்துறை. இடஒதுக்கீடு இருந்தது. விவசாயக் கூலியின் மகன் பிட்டர் ஆனான், வெல்டர் ஆனான், அவன் மகள் ஆசிரியை ஆனாள். இன்று பட்டாபிராம், திருமுல்லைவாயல், அம்பத்தூர் பகுதிகளில் அம்பேத்கர் மன்றம் நடத்தும் பெரியவர்கள் பலர் அந்தத் தொழிற்சாலைகளின் ஓய்வூதியக்காரர்கள். அந்தத் தொழிற்சாலைகளும் 2021 அக்டோபர் 1 முதல் கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. நிரந்தர வேலை சுருங்கி ஒப்பந்த வேலை பெருகுகிறது. 2024 நவம்பரில் பட்டாபிராமில் 21 மாடி டைடல் பூங்கா திறந்தார்கள். கட்டடம் அழகுதான். காலை நேரத்தில் அதன் வாசலில் நின்று, காவல், துப்புரவுச் சீருடையில் போகிறவர்கள் யார், கழுத்தில் அடையாள அட்டையுடன் போகிறவர்கள் யார் என்று பாருங்கள். திரைப்பட நகரமும் அந்த வழியில் போனால், நம் பிள்ளைகள் தட்டு எடுக்கும் இடம் இன்னும் கொஞ்சம் பெரிதாகும், அவ்வளவுதான்.

தட்டு எடுப்பது இழிவு என்று சொல்ல வரவில்லை. யார் தட்டெடுப்பது, யார் சம்பளம் கொடுப்பது என்று முடிவு செய்கிற இடத்தில் நாம் இல்லை என்பதே பிரச்சினை. ஒரு படத்தில் வாகனம் யாரிடம், சமையல் யாரிடம், பந்தல் யாரிடம், காவல் யாரிடம் என்று தீர்மானிக்கிறவர் இயக்குநர் அல்லர், மேனேஜர். அவர் ஒருவர் நம் ஆளாக இருந்தால் அவர் பின்னால் இருபது பேருக்கு வேலை வரும். இத்தனை காலம் மற்றவர்கள் செய்தது அதைத்தான். சேரியில் படப்பிடிப்பு நடத்த வருகிறவர்கள் தெருவிலுள்ள ஒரு 'பெரிய' ஆளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, குடிசை வாசலில் கேமரா வைக்கப்பட்ட குடும்பத்துக்குப் பிரியாணிப் பொட்டலம் மட்டும் கொடுத்துவிட்டுப் போவதும் அந்த மேசையிலிருந்து எடுக்கப்படும் முடிவுதான்.

அந்த மேசையில் பணம் மட்டும் இல்லை, உயிரும் இருக்கிறது. 2020 பிப்ரவரி 19 இரவு செம்பரம்பாக்கத்தில் உள்ள ஈ.வி.பி. திரைப்பட நகரில் 'இந்தியன் 2' படப்பிடிப்பில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். ஒருவர் உதவி இயக்குநர், ஒருவர் கலை உதவியாளர், ஒருவர் தயாரிப்பு உதவியாளர். நசரத்பேட்டை காவல் நிலையத்தில் பதிவான வழக்கில் கிரேன் இயக்கியவர், கிரேன் உரிமையாளர், தயாரிப்பு நிறுவனம் ஆகியோருடன் தயாரிப்பு மேலாளரும் சேர்க்கப்பட்டார். நமக்கு அன்று உறைத்தது இதுதான்: செத்தவர்களில் ஒருவர் தயாரிப்புப் பிரிவின் கடைசிப் படியில் நின்றவர், வழக்கில் சிக்கியவர்களில் ஒருவர் அதே பிரிவின் மேல்படியில் நின்றவர். எவ்வளவு எடையைத் தூக்கலாம், எத்தனை மணி நேரம் ஓட்டலாம், இரவுப் படப்பிடிப்பில் யாருக்கு ஓய்வு என்பதெல்லாம் அந்தப் பிரிவின் அன்றாடக் கணக்கு. செலவைக் குறைத்தவனே திறமைசாலி என்று பேர் வாங்கும் தொழிலில், பாதுகாப்பு கேட்பவனுக்கு அடுத்த படம் கிடைக்காது.

நம்மவர் படங்களை இதிலிருந்து விலக்கி வைத்துப் பேச முடியாது. ஆவடிக்கு அருகே கார்லப்பாக்கத்தில் பிறந்த பா.இரஞ்சித் 2012இல் 'அட்டகத்தி' எடுத்தபோது நம் தெருவின் முகம் திரையில் வந்தது. அவருடைய நீலம் நிறுவனம் 2018இல் 'பரியேறும் பெருமாள்' தயாரித்தபோது, தயாரிப்பாளர் நாற்காலியிலும் நாம் உட்கார முடியும் என்று தெரிந்தது. அந்தப் பெருமிதத்தில் மாற்றமில்லை. 2025 ஜூலையில் அவர் இயக்கும் 'வேட்டுவம்' படப்பிடிப்பில், நாகப்பட்டினம் மாவட்டத்தில், சண்டைக் கலைஞர் மோகன்ராஜ் கார் சாகசக் காட்சியில் உயிரிழந்தார். இயக்குநர் உட்பட நால்வர் மீது வழக்குப் பதிவானது. பெருமிதத்துக்காக இதைச் சொல்லாமல் விட்டால் நாம் யாரை நோக்கியும் கேள்வி கேட்கத் தகுதியற்றவர்கள். நம் கதையைச் சொல்லும் படத்திலும் தொழிலாளியின் பாதுகாப்பைக் கவனிக்கும், பயிற்சி பெற்ற நிர்வாகிகள் தேவை. அவர்களை உருவாக்கும் வேலையை இரஞ்சித் போன்றவர்கள் தொடங்கினால் அது இன்னொரு 'அட்டகத்தி'யைவிடப் பெரிய காரியமாக இருக்கும்.

பக்கத்து மாநிலத்தில் நடந்ததையும் பார்க்க வேண்டும். கேரள அரசின் திரைப்பட வளர்ச்சிக் கழகம், பட்டியல் சாதி, பழங்குடி இயக்குநர்களுக்குப் படம் ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி ரூபாய் வரை தருகிறது. பெண் இயக்குநர்களுக்கும் அதுபோல் உண்டு. 2025 ஆகஸ்டில் திருவனந்தபுரத்தில் நடந்த திரைப்படக் கொள்கை மாநாட்டில் மூத்த இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணன், இப்படிப் பணம் பெறுகிறவர்களுக்கு முதலில் தீவிரப் பயிற்சி கொடுக்க வேண்டும், தொகையையும் குறைக்க வேண்டும் என்று பேசினார். அரங்கிலேயே எதிர்ப்பு எழுந்தது, சரியாகவே எழுந்தது. ஆண்டுக்கு இருநூறுக்கும் மேல் தமிழ்ப் படங்கள் வருகின்றன, பெரும்பாலானவை நட்டம். அவற்றை எடுத்தவர்களில் யாரிடம் பயிற்சிச் சான்றிதழ் கேட்டார்கள்? நாமும் பயிற்சி கேட்கிறோம். உரிமையாகக் கேட்கிறோம், பணம் கொடுப்பதற்கு முன் நிறுத்தி வைக்கும் தடுப்பாக அல்ல. அதே கேரளத்தில் 2024 ஆகஸ்டில் வெளியான நீதிபதி ஹேமா குழு அறிக்கை, படப்பிடிப்புத் தளங்களில் பெண்களுக்குக் கழிப்பறையும் உடை மாற்றும் இடமும் இல்லாததைப் பதிவு செய்தது. கழிப்பறை வண்டி வாடகைக்கு எடுக்கலாமா வேண்டாமா என்பதும் மேனேஜரின் மேசையில்தான் முடிவாகிறது. அந்த மேசையில் ஒரு பெண் இருந்தால் முதலில் எழுதும் செலவு அதுவாக இருக்கும். துணை நடிகைகளாகப் போய், ஏழு எட்டு மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு வரும் அக்காமார்கள் நம் தெருவிலேயே இருக்கிறார்கள்.

அரசுக்கு நாம் சொல்ல விரும்புவது கடினமான ஒன்றும் இல்லை. குத்தம்பாக்கம் திட்டத்தில் தனியாரோடு போடும் ஒப்பந்தத்திலேயே நிபந்தனை வையுங்கள். கர்நாடகத்தில் குறிப்பிட்ட தொகை வரையிலான அரசுப் பணி ஒப்பந்தங்களில் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 24.1 சதவீத ஒதுக்கீடு சட்டமாகவே இருக்கிறது. மத்திய அரசுத் துறைகள் கொள்முதல் செய்வதில் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் சிறு நிறுவனங்களிடமிருந்து இருக்க வேண்டும் என்று 2012 முதல் விதி உள்ளது. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதியினர்; திருவள்ளூர் மாவட்டத்தில் இன்னும் கூடுதல். திரைப்பட நகரத்தின் உணவகம், வாகனம், ஜெனரேட்டர், விளக்கு வாடகை ஆகியவற்றில் அந்த அளவுக்காவது பங்கு ஒதுக்குவதில் என்ன தடை? முதலீட்டுக்கு அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் இருக்கிறது. 35 சதவீதம், அதிகபட்சம் ஒன்றரைக் கோடி ரூபாய் வரை மானியம். இதை வைத்து லாரியும் ஜே.சி.பி.யும் வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறோம். படப்பிடிப்புக்கு ஜெனரேட்டர் வண்டி வாங்க ஒருவர் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேட்டுப் பார்க்கட்டும். முதல் ஆளுக்கு அலைச்சல் இருக்கும், இரண்டாம் ஆளுக்குக் குறையும்.

படிப்புக்கு, தரமணியில் பட்டப்படிப்பு தொடங்கும்வரை காத்திருக்க வேண்டாம். அம்பத்தூர் அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்திலோ பக்கத்துக் கல்லூரிகளில் நான் முதல்வன் திட்டத்திலோ ஆறு மாதப் பாடம் ஒன்று போதும். கணக்கு மென்பொருள், அனுமதி விண்ணப்பங்கள், தொழிலாளர் சட்டம், தீ மற்றும் மின் பாதுகாப்பு, ஆங்கிலத்தில் மின்னஞ்சல். அதன்பின் ஒரு தொடரில் ஊதியத்துடன் மூன்று மாதம் பயிற்சி. பூந்தமல்லியிலிருந்து வடபழனி, கோடம்பாக்கம் வழியாகக் கலங்கரை விளக்கம் போகும் மெட்ரோ வந்துவிட்டால், சினிமா அலுவலகங்கள் இருக்கும் தெருக்கள் நமக்கு அரை மணி நேரத் தூரம்தான்.

பிள்ளைகளுக்கும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த வேலையை நம்பி இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள். சினிமாவில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவில் எத்தனை மாதம் என்று யாராலும் சொல்ல முடியாது. ஓ.டி.டி. நிறுவனங்கள் முன்புபோல் வாங்குவதில்லை. முடிந்த படங்கள் பெட்டியில் கிடக்கின்றன. எல்.இ.டி. திரை வந்தால் வெளிப்புறப் படப்பிடிப்பும் அதைச் சுற்றிய வேலைகளும் குறையும். தொலைக்காட்சித் தொடரில் பணம் குறைவு, ஆனால் மாதம் தவறாது. கற்றுக்கொள்ள அதுவே இடம்.

இன்னொரு விஷயம். திரைப்படத் தொழிலாளியோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் போட வேண்டும் என்று 1981ஆம் ஆண்டுச் சட்டமே சொன்னது. அதன் இடத்தில் வந்த 2020ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, சின்னத்திரை, இணையத் தொடர்வரை அதை விரித்திருக்கிறது. ஒப்பந்தத் தாள் கேட்டால் நாளைக்கு வர வேண்டாம் என்பார்கள் என்ற பயம் நமக்குப் புரிகிறது. அதுவரை இதையாவது செய்யுங்கள்: எந்தத் தேதி, எந்தத் தொடர், எந்த இடம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, கையில் வந்த தொகை எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். உங்கள் கையெழுத்தில் எழுதிய வவுச்சரை அலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். சங்கத்தில் அனுபவம் கேட்டாலும், நல வாரியத்தில் பதிவு கேட்டாலும், தொழிலாளர் அலுவலகத்தில் வழக்கு நடந்தாலும் அதுதான் பேசும். திருமழிசை இளைஞரிடம் ஆறு ஆண்டு உழைப்புக்குச் சான்றாக என்ன இருக்கிறது என்று கேட்டோம். சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார்: படப்பிடிப்பு வளாகத்துக்குள் நுழையக் கொடுத்த பழைய பாஸ் ஒன்று, அதில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'புரொடக்‌ஷன் பாய் - 4' என்று இருந்தது.